திறக்கும் வரை

எங்கள் வீட்டுக் கணினி திறப்பதற்குள் ஒரு காபியைக் குடித்து முடித்துவிடலாம். அதிலிருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்ற, மனைவியோடு திருப்பதியில் ஒரு கடைக்குப் போனேன். ஒரு வாரமாகப் படித்துச் சேர்த்த அறிவு முழுவதையும் கடைக்காரரிடம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஊருக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

“சார், உங்க ஹார்ட் டிஸ்க் தர்ம தரிசனம், நாள் பூரா க்யூ. இந்த எஸ்எஸ்டி சீக்ர தரிசனம், காசு கட்டினா க்யூ சின்னது. அதோ, அந்தச் சின்னது விஐபி பிரேக். போன உடனே சாமி.”

“விஐபியே கொடுங்க,” என்றேன். வேறெங்கும் எனக்குக் கிடைக்காத அந்தஸ்து அது.

கடைக்காரர் மனைவியிடம் திரும்பினார். “ஏம்மா, உங்களுக்கும் சந்தோஷம்தானே?”

“எனக்கு இன்னா சந்தோஷம்? அது தொறந்துக்கினு இருக்கிற நேரத்துலதான் இந்த மனுசன் எங்கிட்ட பேசுவாரு. நீ அத்தயும் புடுங்கிடாத நைனா!”

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

விஐபியை வாங்கத்தான் வாங்கினேன். மறுநாள் காலை பொத்தானை அழுத்திவிட்டு, சமையலறைக்குப் போய் அவளோடு உட்கார்ந்து காபி குடித்தேன். நொடியில் திறந்த கணினி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் அவசரமில்லை. இத்தனை வருடமாக அவசரம் எனக்குத்தான் இருந்திருக்கிறது.