பெட்ரோல் எப்பவும் இருக்கும்

சென்ற திங்கட்கிழமை காலை, மூக்குக் கண்ணாடியை மாற்ற ஒரகடம் போய்க்கொண்டிருந்தேன். பிள்ளைப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன்... சாலை ஓரத்தில் ஒரு மொபெட். கம்பெனி யூனிஃபார்மில் ஒரு பெண் அதை உதை உதை என்று உதைத்துக்கொண்டிருந்தார்.

கிட்டே போனால், எங்கள் தெரு வசந்தி!

வசந்தியின் கணவர் ஏகாம்பரம் போன மாதம்தான் இறந்துபோனார். கம்பெனி பஸ் டிரைவர். அதிர்ந்து பேசாத மனிதர். திடீரென்று நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசல்வரைகூடத் தாங்கவில்லை. பெண் பிளஸ் டூ படிக்கிறாள். காரியமெல்லாம் முடிந்து, வசந்தி வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் அது.

வேலை என்றால் கான்ட்ராக்ட் வேலை. பேக்கிங் செக்‌ஷன். 'திங்கட்கிழமை ஷிஃப்ட்டுக்கு வரலைன்னா உங்க இடத்துல வேற ஆள் போட்டுடுவாங்கம்மா' என்று சூப்பர்வைசர் முன்பே போனில் சொல்லியிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"தெரியல சார். நல்லாத்தான் வந்துகினு இருந்துச்சு. ரெண்டு குலுக்கு குலுக்கிட்டு நின்னுடுச்சு."

"பெட்ரோல் இருக்கா?"

நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

"அதெல்லாம் இருக்கும் சார். எப்பவும் இருக்கும்."

ஒருவர் இவ்வளவு உறுதியாகச் சொன்னால் என்ன செய்வோம்? அடுத்த சந்தேகத்துக்குப் போய்விடுவோம். நானும் போனேன்.

"வண்டி இங்கேயே கிடக்கட்டும். என் ஸ்கூட்டர்ல ஏறிக்கம்மா, கம்பெனியில விட்டுடறேன்."

"ரோட்டுல வுட்டுட்டு எப்பிடி சார் வர்றது? அவரு வண்டி சார்..."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

நைட் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு நடந்துகொண்டிருந்த ஒரு பையன் நின்றான். திருநெல்வேலிப் பக்கம் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது. "யக்கா, பிளக்குல கரி அடைச்சிருக்கும். எங்க மாமா வண்டியும் இப்படித்தான் மக்கர் பண்ணும்" என்றான். பிளக்கைக் கழற்றி, தன் சட்டை நுனியிலேயே துடைத்து மாட்டினான். உதைத்தான். ம்ஹூம்...

நான் சும்மா இருப்பேனா? "இப்பல்லாம் பெட்ரோல்ல என்னென்னவோ கலக்கறாங்கப்பா. அது போய் எங்கேயாவது அடைச்சிருக்கும்" என்று ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். பெட்ரோலின் தரத்தைப் பற்றி இவ்வளவு பேசியவன், அது இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்க்கவில்லை!

கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோயின. ஒவ்வொரு பஸ்ஸின் டிரைவர் சீட்டையும் வசந்தி நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

ஷிஃப்ட் நேரம் தாண்டிவிட்டது. கடைசியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாபுவுக்குப் போன் செய்தேன். வந்தார். நாங்கள் சொன்ன காரணங்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "கார்புரேட்டர்ல தூசு மாட்டிகீது போல" என்று தன் பங்குக்கு அவரும் ஒன்று சொல்லிவிட்டு, அதைக் கழற்றினார். கழுவுவதற்குக் கொஞ்சம் பெட்ரோல் வேண்டும். வண்டியிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம் என்று டியூபை உருவினார்.

ஒரு சொட்டு வரவில்லை.

"இன்னாக்கா, டேங்க் காலியா கீது! ரிசர்வ்ல வெச்சுல்ல ஓட்டிகினு வந்திருக்கே? எப்போ திருப்புனே?"

"நான் அத தொட்டதே இல்லண்ணா. எப்பவும் அவருதான்..."



எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. டேங்க் அடியில் மிச்சமிருக்கும் கடைசிப் பெட்ரோலில் ஓட, ஏகாம்பரம்தான் குமிழை ரிசர்வுக்குத் திருப்பியிருக்கிறார். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். வேறென்ன?

பாபு கழற்றியதை மாட்டி, தன் வண்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து ஊற்றினார். ஒரே உதை. வண்டி கிளம்பிவிட்டது.

அப்போதுதான் வசந்தி அழுதார். சாவு வீட்டில் அவர் மாரில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். இது வேறு. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியையே பார்த்துக்கொண்டு, சத்தமே இல்லாமல்... அந்தத் திருநெல்வேலிப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த பங்க் வரை நானும் கூடவே போனேன். மூடியை எந்தப் பக்கம் திருகுவது என்று வசந்திக்குத் தெரியவில்லை. பங்க்கில் இருந்த பெண்ணே திறந்துவிட்டு, "எவ்ளோக்குக்கா?" என்றாள்.

வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரு எவ்ளோக்கு சார் போடுவாரு?"

எனக்கு எப்படித் தெரியும்? சாலையை வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றேன்.

கம்பெனி கேட்டில் அன்று உள்ளே விடவில்லை. மறுநாள் போனபோது பேக்கிங்கில் வேறு பெண் உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. யார் யாரிடமோ பேசி, நின்றுகொண்டே செய்யும் ஒரு லைனில் இடம் வாங்கிக் கொடுத்தார். பத்து வருஷமாக உட்கார்ந்து வேலை செய்தவர், இப்போது சாயந்திரம் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போகும்போது காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார்.

துக்கம் விசாரிக்கப் போன நாங்கள் எல்லோரும் எவ்வளவு பெரிய பெரிய கேள்விகளாகக் கேட்டோம்! பி.எஃப். வருமா, இன்ஷூரன்ஸ் இருக்கா, பெண் காலேஜ் போவாளா... நல்ல கேள்விகள்தான். ஆனால் ஒரு மனிதர் போய்விட்டால் வீட்டில் எத்தனை சின்னச் சின்ன வேலைகள் ஆளில்லாமல் நின்றுபோகும்? அதை யாரும் கேட்கவில்லை. இருக்கும்போது அது ஒரு வேலை என்றுகூடத் தெரியாதே!

அந்தத் திங்கட்கிழமை மதியம் சாப்பிடும்போது என் மனைவியிடம் கேட்டேன். "நம்ம வீட்ல கரன்ட் பில் எப்படிக் கட்டறது, கேஸ் எப்படி புக் பண்றதுன்னு எனக்கு ஒருநாள் சொல்லிக் கொடேன்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏங்க... எனக்கு ஏதாவது வியாதின்னு டாக்டர் உங்ககிட்ட சொன்னாரா?"