யாளியைப் பெற்றவள்

மாயக்கதை எழுதிப் பேர் வாங்க நினைக்கிறவர்கள் கோயில் ஊரில் மட்டும் குடியிருக்கக் கூடாது. என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

சும்மா இருப்பவள்

என் கவிதைத் தொகுப்பு வந்த நாள் முதல், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் நான்தான் எழுத வேண்டும். கல்யாண வாழ்த்து மடல், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி, எல்லாம். பக்கத்து வீட்டு சேகர் பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். அவன் மாமனார் தவறியபோது, எழுதிக்கொண்டிருந்த நாவலில் ஒரு போர்க்களத்தின் நடுவில் இருந்த என்னைக் கூப்பிட்டு போஸ்டருக்குக் கவிதை கேட்டான். வேலையாக இருக்கிறேன் என்றேன். அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "சும்மா உக்காந்துக்கினுதானேக்கா இருக்கற, நாலு வரி எழுதிக் குடு" என்றான்.

கடையில் கேட்ட கதை

அந்த நாவலின் கரு, நான் ஒரு மாத இதழில் எழுதிய சிறுகதை. கல்தூணிலிருந்து இறங்கி வந்து தறிவீடுகளில் சரிகை தின்னும் ஒரு யாளி; தினமும் ஓர் இழை வைத்து அதைப் பழக்கி, கடைசியில் அதன் மேலேயே ஏறிப் போய்விடும் ஒரு பெண். தலையிலிருந்து வால் வரைக்கும் என் கற்பனை. சேகர் இதழை வாங்கிப் போனான். படிக்கிறானே என்று நானும் பூரித்துப்போனேன்.

அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அவன் கடைக்கே போனோம். யாளி போட்ட முந்தானையை விரித்து வைத்து, வெளியூர்க்காரர்களிடம் என் கதையை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தான், ஆயிரம் வருஷத்து ஐதீகம் என்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஜனங்களுக்குப் புடிச்சிருக்குதுக்கா, நீ சந்தோஷம்தானே படணும்?" என்றான்.

பதிப்பாளர் போன்

வருஷக்கணக்காக எழுதிய நாவலைச் சென்னைப் பதிப்பாளர் ஒருவருக்கு அனுப்பினேன். அது வெளிவந்தால்தான் இந்த ஊரில் நானும் ஒரு எழுத்தாளர். நடை பிரமாதம் என்றுதான் போனில் ஆரம்பித்தார். ஆனால் இந்த யாளி, காஞ்சிபுரத்தில் புடவை எடுத்தபோது தானே கேட்ட ஐதீகம் ஆயிற்றே என்றார். பழைய இதழை அனுப்பியும் மசியவில்லை. கோயில் கதையைத்தான் அதிலும் எழுதியிருக்கிறீர்கள் என்று முடித்துவிட்டார். "மத்ததெல்லாம் இருக்கு மேடம், உங்களுக்குக் கற்பனை மட்டும்தான் குறையுது."

கன்னத்தில்

நேரே பட்டுக்கடைக்குப் போனேன். சேகரே பதிப்பாளரிடம் உண்மையைச் சொல்லட்டும் என்று நினைத்தேன். அவன் ஒரு அம்மாளுக்குப் புடவை காட்டிக்கொண்டிருந்தான். யாளி கதை பாதியில் இருந்தது. "அந்தக் கதை நான் எழுதினது" என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி. சேகர் புடவையை மடித்தான்.

அந்த அம்மாள், தன் மகளுக்கு வரன் அமையவில்லை என்று வேண்டிக்கொண்டு, காலையில்தான் கோயிலில் ஒரு யாளித் தூணில் சரிகை இழை கட்டிவிட்டு வந்தாராம். நிறையப் பேர் கட்டியிருந்தார்களாம். அந்த இழையும் என் கதையில் வருவதுதான் என்றேன். அவர் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி விஷயத்துல நான் எழுதினேன்னு சொல்லாதம்மா, கன்னத்துல போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன், வேறென்ன செய்ய. வாசகர்கள் இல்லை என்று அழுத எனக்கு இப்போது பக்தர்களே இருக்கிறார்கள், பதிப்பாளர்தான் இல்லை.