பல் இல்லாமல் பினாங்கு பார்த்தது

ஆனி மாதக் கடைசியில் என் வீட்டுக்காரருக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. கெடாவில், சுங்கை பட்டாணியிலிருந்து ஏழு மைல் உள்ளே இருக்கிற ரப்பர் தோட்டத்தில் அவர் கிராணி, அதாவது ஆபீசுக் குமாஸ்தா வேலை பார்க்கிறார். லீவு என்றால் அவருக்குச் சாய்வு நாற்காலியும் பழைய பத்திரிகையும் போதும். இந்தத் தடவை நான் விடவில்லை. பினாங்கில் இரண்டு காரியம் இருந்தது. ஒன்று, எனக்குப் பல் கட்டுவது. மற்றொன்று, எங்கள் மகள் தேவகிக்கு வந்திருந்த சம்பந்தம். ஊர் பார்ப்பது மூன்றாவதுதான் என்றாலும், திரும்பி வந்ததிலிருந்து தோட்டத்துப் பெண்கள் அதைத்தான் கேட்கிறார்கள். எப்படிப் போனீர்கள், என்ன செலவு, எதைப் பார்க்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

பல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது. எனக்கு வயது முப்பத்தெட்டு. இரண்டு வருஷமாக ஈறு வீங்கிப் பற்கள் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தன. மிச்சம் இருந்ததைச் சித்திரை மாதம் ஆஸ்பத்திரியில் பிடுங்கிவிட்டார்கள். ஈறு ஆறிய பிறகுதான் பல் கட்ட முடியும் என்பதால் மூன்று மாதம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரிந்தேன். கண்ணாடி பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளைப் பையனுக்குப் பினாங்கில் தபால் ஆபீசு உத்தியோகம். அவன் தாயார் ராஜம்மாள் கெலுகோரில் இருக்கிறார். நாங்கள் பினாங்கு போன மறுவார ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் தாயையும் பார்க்காமல் போவார்களா? நாற்பதுக்குள் தாய்க்குப் பல் போனால் மகளுக்கும் போகும், உடம்பில் சத்தில்லாத வம்சம் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். இது நானாகப் பயந்தது இல்லை. தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு இப்படியே ஒரு சம்பந்தம் தட்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வாயில் பல் இருக்கவேண்டும். எனக்கு அது ஒன்றுதான் கவலை.

சனிக்கிழமை காலை நாங்கள் மூன்று பேரும் தோட்டத்து லாரியில் சுங்கை பட்டாணி ஸ்டேஷனுக்கு வந்து ரயில் ஏறினோம். பினாங்குக்கு எதிர்க்கரையான பிறை வரைக்கும் சுமார் இருபத்திரண்டு மைல். வழியெல்லாம் வயலும் ரப்பரும்தான், ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடத் தேவையில்லை. பிறையில் இறங்கினால் படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது. படகில் ஆளுக்குப் பத்துக் காசு. கடல் காற்றில் முந்தானை நிற்காது என்பதைப் பல் இல்லாதவர்கள் கவனிக்கவேண்டும். நான் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜார்ஜ் டவுனை அரைக்கண்ணால் பார்த்தபடி வந்து சேர்ந்தேன்.

தங்கியது டத்தோ கிராமாட் சாலையில், முத்தையா வீட்டில். என் வீட்டுக்காரரோடு முன்பு ஒரே தோட்டத்தில் வேலை பார்த்தவர், இப்போது துறைமுகக் கிடங்கில் கணக்கர். அவர் மனைவி பாக்கியம்தான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது. பாக்கியத்துக்கு மனது முழுக்க நல்லெண்ணம், வாயில் மட்டும் தாழ்ப்பாள் கிடையாது. பல் சமாசாரம் வெளியே போகக்கூடாது என்று இறங்கிய உடனே அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கேம்பல் தெருப் பக்கம் பல் கட்டும் சீனரிடம் போனோம். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பற்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "உனக்குப் பிடிச்சதா ஒண்ணு எடுத்துக்கோ" என்றார். மூன்று மாதத்தில் அவர் சொன்ன ஒரே வேடிக்கை இதுதான், அதற்கும் என்னால் வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை. சீனர் மெழுகை என் வாயில் அழுத்தி அச்சு எடுத்தார். மேலும் கீழும் சேர்த்து முப்பது வெள்ளி, பாதி முன்பணம். "ஜுமாத்" என்றார். வெள்ளிக்கிழமை. மலாயில் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இனி ஊர். பல் இல்லாதவர்கள் பினாங்கில் பட்டினி கிடக்கவேண்டியதில்லை என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன். காலையில் தெருவில் இடியப்பம் வரும், தேங்காயும் வெல்லமும் போட்டுத் தருவார்கள், மெல்ல வேண்டிய அவசியமே இல்லை. சீனர் கடைக் கஞ்சி இருக்கிறது. ஆனி ஆடியில் டுரியான் காலம். அந்தப் பழத்துக்கு ஈறே அதிகம். முறுக்கு, வறுத்த கச்சான் கடலை, சுட்ட சோளம் விற்கிறவர்கள் வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை நீர்வீழ்ச்சித் தோட்டத்துக்குப் போனோம். ரிக்ஷாவில் போனால் பேரம் பேசி ஏறவேண்டும். எங்கள் இரண்டு ரிக்ஷாவுக்கும் சேர்த்து அறுபது காசு ஆனது. குரங்குகள் மடியில் கைவிட்டுப் பழம் எடுக்கும், யாருக்கும் பயப்படாது. மாலையில் கடற்கரைத் திடலில் உட்கார்ந்தோம். வெள்ளைக்காரர்களும் பணக்காரச் சீனர்களும் மோட்டார் காரில் வந்து காற்று வாங்கிப் போனார்கள். முத்தையாவும் என் வீட்டுக்காரரும் பழைய தோட்டத்துத் துரையைப்போல் பேசிக்காட்டி விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேவகிக்குப் பதினெட்டு வயது, அவளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அவள் பற்கள் நன்றாக இருக்கின்றன. அன்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மலை ரயில். இதைத் தவறவிடக்கூடாது. டத்தோ கிராமாட் சாலையிலிருந்து ஆயர் ஈத்தாமுக்கு டிராம் போகிறது. அங்கிருந்து அடிவார ஸ்டேஷனுக்கு நடை. பெட்டி செங்குத்தாக ஏறும்போது முதல் தடவை போகிறவர்களுக்கு வயிறு கொஞ்சம் கலங்கும். பாதி மலையில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டும். நாங்கள் மாறி உட்கார்ந்தபோது எதிர்ப்பலகையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், தம்பி குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார். பாக்கியம் என் தொடையைக் கிள்ளினாள்.

"அக்கா, இவங்கதான் ராஜம்மா அக்கா. பையனோட அம்மா."

கும்பிட்டேன், ஒரு கையால். மறு கை முந்தானையில் இருந்தது. அவர் தேவகியைப் பார்த்துச் சிரித்தார், பிறகு என்னிடம் ஏதோ கேட்டார். தலையை ஆட்டினேன். மறுபடியும் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே இருந்த பெரணிச் செடிகளை ஊன்றிப் பார்த்தேன். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு அவர் தம்பி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அக்காவுக்கு உடம்பு சரியில்லை" என்றாள் பாக்கியம். சத்தியத்தைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி அது.

உச்சியில் குளிர் நன்றாக இருந்தது. கீழே ஊரும் கடலும் பிறைக் கரையும் தெரிந்ததாம். நான் ராஜம்மாள் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் ரயிலுக்கு முந்தின ரயிலில் இறங்கியும்விட்டோம். ஆயர் ஈத்தாமில் டுரியான் குவித்து வைத்திருந்தார்கள். காலையிலிருந்து பட்டினி, அதோடு தப்பித்துவிட்டோம் என்கிற தெம்பு. சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரு முழுப் பழத்தைத் தின்றேன். திரும்பியபோது ராஜம்மாள் குடும்பம் டிராமுக்காக எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

வியாழக்கிழமை மாலை முத்தையா கோயிலுக்குப் போய்விட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"சூசாலா அண்ணே, கஷ்டமாப் போச்சு. ஞாயித்துக்கிழமை வரலையாம். ராஜம்மா அக்கா தம்பி சொல்லிட்டாரு."

"ஏனாம்?"

"பொண்ணு நல்லாத்தான் இருக்காளாம். அம்மாவுக்குத்தான் ரொம்ப கர்வமாம். மூணு தடவை கேட்டும் வாயத் தொறக்கலையாம். உடம்பு சரியில்லாதவங்க டுரியானை அப்படித் தின்பாங்களான்னு கேக்குறாரு. நான் என்ன சொல்றது?"

பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர், "போனாப் போகட்டும், ஊர்ல வேற பையனே இல்லையா" என்றார். அவர் அப்படித்தான் சொல்வார். தேவகி மட்டும் அடுக்களையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அவங்க ரயில்ல என்ன கேட்டாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"என்னமோ கேட்டாங்க."

"குளிருதா, சால்வை வேணுமான்னு கேட்டாங்க. மூணு தடவையும் அதையேதான் கேட்டாங்க. அதுக்குப் பதில் சொல்ல உனக்கு எதுக்கும்மா பல்லு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்தால் வந்த அழுகைதான், மறைக்க என்ன இருக்கிறது? அவளுக்காக வாயை மூடி அவள் காரியத்தையே கெடுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சீனரிடம் போனால், மேல் பல்லின் ரப்பர் ஈறு வேகவைத்ததில் வெடித்துவிட்டது, மறுபடி செய்யவேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்கிறார். கண்ணாடிப் பெட்டியில் இருந்த அத்தனை பல்லும் என்னைப் பார்த்து இளித்தன. வீட்டுக்கு வந்து, நாளைக்கு நானே கெலுகோருக்குப் போகிறேன் என்று சொன்னேன்.

"பொண்ணு வீட்டுக்காரங்க நாமளாப் போயி வாசல்ல நிக்கிறதா?" என்றார் என் வீட்டுக்காரர். "அதுவும் இப்படியா?"

"இப்படித்தான்."

"உன் இஷ்டம். நான் வரலை."

சனிக்கிழமை காலை பாக்கியமும் நானும் புறப்பட்டோம். கெலுகோருக்கு ஊரில் கொசு பஸ் என்று சொல்கிற, ஏழு பேர் உட்காரும் சின்ன பஸ் இருக்கிறது. நாலு மைல், ஆளுக்குப் பத்துக் காசு. நிறைந்தால்தான் எடுப்பான், நிறைந்த பிறகும் வழியில் நிறுத்தி ஏற்றுவான். இறங்கித் தென்னந்தோப்புக்குள் கொஞ்சம் நடந்தால் ராஜம்மாள் வீடு. மரக்கால்களின் மேல் நிற்கிற பலகை வீடு, பின்னால் கடல் தெரிகிறது.

ராஜம்மாள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் வரவேற்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. "உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே முந்தானையை எடுத்துவிட்டேன்.

"எனக்குப் பல்லு இல்லைங்க. ஒண்ணுகூட இல்லை. அன்னிக்கு அதனாலதான் பேசலை. கர்வமெல்லாம் இல்லீங்க, வெக்கம். எம் பொண்ணுக்கு எல்லாப் பல்லும் இருக்கு."

வார்த்தைகள் காற்றும் எச்சிலுமாகத்தான் வந்தன. ராஜம்மாள் என் வாயைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை.

"எத்தனை மாசமா?"

"மூணு."

"சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?"

கஞ்சி, இடியப்பம் என்றேன். "அப்புறம் டுரியான்" என்று அவரே சேர்த்துக்கொண்டு உள்ளே போனார். அடுப்பில் சட்டி போட்டிருந்தார் போல. கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டு வந்தது. பாக்கியத்தின் தட்டில் ஆப்பம் முழுசாக, ஓரம் மொறுமொறுவென்று சிவந்து இருந்தது. என் தட்டில் இருந்த ஆப்பங்களுக்கு ஓரமே இல்லை. சுற்றிலும் பிய்த்து எடுத்துவிட்டு, நடுவில் மெத்தென்று இருக்கிற பகுதியை மட்டும் வைத்து, தேங்காய்ப்பாலை ஊற்றி ஊறவிட்டுக் கொண்டுவந்திருந்தார். அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரில் உட்கார்ந்து, பிய்த்த ஓரங்களைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு நறுக் நறுக்கென்று தின்றபடி, தேவகிக்கு மீன் ஆயத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். நானே கத்துத்தரேன் என்றார்.

நான் நாலு ஆப்பம் தின்றேன். அங்கே முந்தானையைத் தொடவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வரமாட்டேன் என்றவருக்கு உட்கார முடியவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"நாளைக்கு வராங்களாம்."

"உன்னைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லலை. பொண்ணைக் குடுத்துடலாம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன் அதிகம் பேசவில்லை. தேவகியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவங்க அம்மா இருக்காங்களே, போதும்" என்றாள். ஆவணியில் முகூர்த்தம் பார்த்திருக்கிறோம். திங்கட்கிழமை பல்லை வாங்கிக்கொண்டு அன்று மத்தியானப் படகிலேயே திரும்பிவிட்டோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மலை ரயிலுக்குக் காலையிலேயே போங்கள், மத்தியானத்துக்குமேல் மேகம் மூடிவிடும். சால்வை கொண்டுபோங்கள், யாராவது குளிருகிறதா என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். ரிக்ஷாவுக்குக் கூலி பேசாமல் ஏறாதீர்கள். பல் கட்டுகிற சீனர் வெள்ளிக்கிழமை என்றால் திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை சுத்தம், இப்போது கரும்பே கடிக்கிறேன். பெண்ணுக்குச் சம்பந்தம் பார்க்கவும் அதே பயணத்தில் பல் கட்டவும் போகிறவர்களாக இருந்தால், சம்பந்தி வீட்டுக்கு முதலில் போய்ச் சாப்பிட்டுவிடுங்கள். பல்லை அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.