கூண்டைத் திறந்தவர் பெயர்

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. பச்சைக் குழந்தை பசியில் முனகுவது போல, மெல்லியதாய், விட்டு விட்டு.

ஜெயம்மாள் டீ டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"இன்னாக்கா அது? புள்ள அழுவற மாரி கீது."

"ஆட்டுக்குட்டி," என்றாள் ரெஜினா. "தாய் செத்துப்போச்சு. நான்தான் பால் குடுத்துக்கினு கீறேன்."

தாய் செத்தது உண்மை. பால் கொடுப்பதும் உண்மை. ஆனால் உள்ளே அலுமினிய அண்டாவில், பழைய புடவைக்குள் சுருண்டு கிடந்தது ஆட்டுக்குட்டி இல்லை. ஊரே தடியெடுத்துத் தேடிக்கொண்டிருக்கும் தண்ணிப் பெருச்சாளியின் குட்டி. ஜெயம்மாளின் கழுத்திலிருந்து தாலியை இறக்கிய இனத்தின் குட்டி.

"நீ திருந்தவே மாட்டக்கா. ஊர்ல எது அனாதையாப் போனாலும் உன் வூட்டாண்டதான் வந்து நிக்கும்," என்று சொல்லி ஜெயம்மாள் லேசாகச் சிரித்தாள்.

புருஷன் பச்சமுத்து செத்து முப்பது நாளாகிறது. அந்த முப்பது நாளில் அவள் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அதுதான். ஒரு பொய்க்குப் பரிசாகக் கிடைத்த அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்றைக்கு முப்பதாம் நாள் படையல். சொந்தக்காரர்களை அனுப்பிவிட்டு, ஒரு தூக்குவாளியில் சோறும் குழம்பும் வடையுமாக ஜெயம்மாள் நேரே இங்கேதான் வந்திருந்தாள். "மொத எலையில எடுத்து வெச்சதுக்கா. கூடப் பொறந்ததுங்க எல்லாம் மூணு நாள்ல கெளம்பிடுச்சுங்க. முப்பது நாளும் எங்கூடப் படுத்துக் கெடந்தவ நீதான். நீ துன்னாதான் அவுரு துன்ன மாரி."

அதைச் சொல்லிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினாள்.

ரெஜினாவுக்கு வெள்ளைத்தாள் புதிதல்ல. திருக்கோவிலூர்ப் பக்கம் பிறந்து, கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். எழுத்து அச்சடித்த மாதிரி விழும். பிலிப்புவைக் கட்டிக்கொண்டு நைனார்பாளையத்துக்குப் பக்கத்திலிருந்த இந்தச் சின்ன ஊருக்கு வந்து முப்பது வருஷமாகிவிட்டது. பிலிப்பு மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் அனிட்டா பனியன் கம்பெனி வேலைக்கென்று திருப்பூர் போனவள் அங்கேயே குடும்பமாகிவிட்டாள். மிஞ்சியது நாலு ஆடும், நடவு வேலையும், இந்தக் கையெழுத்தும்தான்.

ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வேண்டுமா, முதியோர் பணம் நின்றுபோனதா, தெரு விளக்கு எரியவில்லையா, எல்லாரும் தாளோடு அவளிடம்தான் வருவார்கள். ரெஜினா எழுதிய மனு போய்ச் சேராவிட்டால் கள்ளக்குறிச்சிக் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமையே விடியாது என்று தெருவில் கேலி உண்டு. அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. எழுதி முடித்ததும் ஒரு சொல் விடாமல் உரக்கப் படித்துக் காட்டுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் தன் வாயில் வராத ஒரு சொல்லுக்குக் கைநாட்டு வைத்துவிடக் கூடாது என்பதற்காக.

"பென்சன் மனுவா?" என்று கேட்டாள்.

"அது அப்பால பாத்துக்கலாம். இது சாமிக்கு. கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டப் போறேன். காலைல மொத பஸ்ஸு."

தாளை வாங்கிய கை அப்படியே நின்றது. மனிதரிடம் நியாயம் கிடைக்காதவர்கள் கொளஞ்சியப்பர் கோயிலில் தங்கள் குறையை மனுவாகவே எழுதிக் கட்டிவிட்டு வருவார்கள். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்த்துவிடும் என்று இந்தப் பக்கத்துச் சனங்கள் நம்புகிறார்கள். ரெஜினா அந்தக் கோயிலுக்குள் போனவள் இல்லை. ஆனால் களவுபோன ஒரு கறவை மாட்டுக்காக முன்பு அவள் எழுதிக் கொடுத்த பிராது அங்கே தொங்கியிருக்கிறது. இருபத்தைந்தாம் நாள் மாடு கயிற்றோடு வீடு வந்து சேர்ந்தது.

"யாரு மேல?" என்று கேட்டாள்.

"அந்தப் பெருச்சாளிங்க கூண்டத் தொறந்து உட்டவன் மேல."

"கரும்புக் கொல்லையச் சுத்திக் கம்பியில கரண்டு வெச்சது கவியரசன்தான?"

"அவுரு ஜெயிலுக்குப் போய்ட்டு ஜாமீன்ல வந்துட்டாரு. அவுரு மேல கேஸு கீது, போலீஸு கீது. தொறந்து உட்டவனுக்கு இன்னாக்கா கீது? எங்கியோ நல்லா துன்னுட்டுத் தூங்கிக்கினுதான இருப்பான்."

தூக்கமா? இரண்டு வருஷமாகத் தூக்கம் என்றால் என்னவென்றே தெரியாத அந்தப் பாவி உன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள் தாயே என்று சொல்ல ரெஜினாவின் தொண்டை வரை வந்தது.

ஏரிக்கு மேற்கே வெளியூர்க்காரன் ஒருவன் கொட்டகை போட்டதில் தொடங்கியது எல்லாம். வெளிநாட்டு ஜாதி, தோலுக்கும் கறிக்கும் நல்ல கிராக்கி, நீங்களும் வளர்க்கலாம் என்று நோட்டீஸ் அடித்தான். பூனையைவிடப் பெரிய உடம்பு, எலி வால், பின்னங்காலில் வாத்துக்கு இருப்பது போல ஜவ்வு, மஞ்சளைக் குழைத்துப் பூசியது போன்ற முன்பற்கள். நியூட்ரியா என்று பேர் சொன்னான். ஊர் அதைத் தண்ணிப் பெருச்சாளி என்று மாற்றிக்கொண்டது. தழை அறுத்துப் போட ரெஜினாவும், காவலுக்கு அதே தெரு மார்ட்டினும் வேலைக்குச் சேர்ந்தார்கள். எட்டே மாதம். ஒருநாள் முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனான். மார்ட்டின் வேறு வேலை தேடிக்கொண்டான். ரெஜினாவால் அப்படி விட முடியவில்லை.

கரும்புத் தோகையும் மரவள்ளித் தழையும் சுமந்து போய்ப் போட்டாள். தண்ணீர்தான் பெரிய பாடு. மோட்டாருக்குக் கரண்டு நின்றுவிட்டது, தொட்டிகள் காய்ந்தன. வெயில் தகரக் கூரையைப் பிளந்தது. அவள் காலடிச் சத்தம் கேட்டாலே இருபத்துமூன்று உயிர்களும் குழந்தைகளைப் போல அழும்.

அது பெரிய வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. தெருவே கோயிலில் சிலுவைப்பாதைக்கு முழந்தாளிட்டிருந்தது. மார்ட்டின்தான் அன்றைக்குச் சிலுவையைத் தூக்கி முன்னால் நடந்தான். ரெஜினா மட்டும் கொட்டகையில் நின்றாள்.

அவள் ஒன்றும் யோசிக்காமல் திறந்துவிடவில்லை. ஓடிப்போவதற்கு முன் முதலாளி கிடாக்களைப் பெட்டைகளோடு பதினைந்து நாள் விட்டுவைத்திருந்தான். அதனால் பதினான்கு பெட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வயிற்றடியைத் தடவிப் பார்த்தாள். சினையான ஆட்டை மடி காட்டிக் கொடுத்துவிடும். முப்பது வருஷமாக அவள் கை அறிந்த பாடம் அது. பதினான்கிலும் மடி இல்லை. காம்புகூடத் தட்டுப்படவில்லை. காம்பே இல்லாத தாய் உலகத்தில் உண்டா என்று அந்த நிமிஷம் ஒரு கேள்வி எழுந்திருக்கலாம். எழவில்லை.

பெட்டைகளை மட்டும் ஏரிக்குத் திறந்துவிட்டாள். பெருகாது, இருக்கிற நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். ஒன்பது கிடாக்களைக் கூண்டிலேயே நிறுத்திக்கொண்டு குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். வெயில் அவளை ஜெயித்தது. ஒன்பதையும் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குப் பின்னால் புதைத்தாள்.

ஆடி மாதம் ஏரிக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் கண்டாள். தண்ணீரில் ஒரு பெட்டை நீந்திப் போகிறது. அதன் இரண்டு பக்கமும், முதுகோரமாக, ஐந்து குட்டிகள் தொற்றிக்கொண்டு பால் குடிக்கின்றன. நீந்திக்கொண்டே பால் கொடுக்கும் ஜாதிக்குக் காம்பு வயிற்றில் இல்லை, விலாவின் மேலே இருக்கிறது. ரெஜினா அறுத்த புல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஊர் முதலில் அவற்றைக் கொண்டாடியது. கல்லூரிப் பையன் ஆகாஷ் எடுத்துப் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளக்குறிச்சியிலிருந்து கார்கள் வந்தன. பன்னும் வாழைப்பழமும் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். மஞ்சள் பல்லைப் பார்த்துப் பிள்ளையார் வாகனம் என்று கற்பூரம் காட்டியவர்களும் உண்டு. அடுத்த வருஷம் கரும்பு அடியோடு சாய்ந்தது. மரவள்ளிக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே மறைந்தது. ஏரிக்கரை சல்லடையாகிக் கசிந்தது. ஓடை வழியே கல்வராயன் மலை வரைக்கும் ஏறிவிட்டதாகப் பேச்சு வந்தது. கற்பூரம் காட்டிய கைகள் கடப்பாரை தூக்கின. அந்தப் பற்களைக் கோத்துப் பையன்கள் வண்டிச் சாவியில் மாட்டிக்கொண்டார்கள். நஷ்டஈடு கேட்கும் மனுக்களை எழுதியதும் ரெஜினாதான். எந்தப் பிராணியால் சேதம் என்று எழுதும் இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் பேனா நின்று நின்று போகும்.

கவியரசன் தன் கரும்பைச் சுற்றிக் கம்பி கட்டி அதில் மின்சாரம் விட்டார். விடிகாலையில் மடை திருப்பப் போன பச்சமுத்து அந்தக் கம்பியை மிதித்தான்.

பாடையைத் தூக்கியபோது ஜெயம்மாள் தெருமண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றினாள். கூண்டைத் திறந்தவன் வீட்டில் விளக்கு எரியக் கூடாது என்றாள். அவளைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தவள் ரெஜினா. காற்று எதிரே அடித்தது. அந்த மண் அவ்வளவும் ரெஜினாவின் தலையில் விழுந்தது.

"எழுதுக்கா," என்றாள் ஜெயம்மாள். "இன்னா யோசிச்சிக்கினு கீற?"

ரெஜினா பேனாவை எடுத்தாள். ஜெயம்மாள் சொல்லச் சொல்ல எழுதினாள். என் புருஷன் பச்சமுத்து யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்ததில்லை. அவர் செத்ததற்கு மூலகாரணம் கூண்டைத் திறந்தவர். அவரைச் சாமி விசாரிக்க வேண்டும்.

"பேரு போடணுமே," என்றாள் ரெஜினா.

"மார்ட்டின்னு போடு."

பேனா தாளை விட்டு எழும்பியது. "மார்ட்டினா?"

"என் மவன் வீரமணி சொல்றான். வாட்ச்மேனா இருந்தவன் அவன்தான, அவனுக்குத் தெரியாம எவன் தொறப்பான்னு. பிராது கட்டிட்டு வா, மீதிய நான் பாத்துக்கறேன்னு கத்தியத் தீட்டி வெச்சிக்கினு கீறான். பயமா கீதுக்கா. சாமி பாத்துக்கிச்சின்னா அவன் கைய அடக்கிக்குவான். அதுக்குதான் ஓடியாந்தேன்."

உள்ளே குட்டி மறுபடியும் முனகியது.

ரெஜினா எழுதினாள். நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது போல ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எழுதினாள். பிறகு தாளை நாலாக மடித்து நீட்டினாள். ஜெயம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தாள் அப்படியே போய்ச் சாமிக்கு முன்னால் தொங்கட்டும். எழுதிய பேருக்கு எது வந்தாலும் வரட்டும். இந்த ஒருத்தி முகத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டாம். அவள் கடைசியாக ஒளிந்துகொள்ளப் பார்த்த இடம் அதுதான்.

"இன்னாக்கா புதுப் பழக்கம்?" என்றாள் ஜெயம்மாள். "படிச்சிக் காட்டாம குடுக்கற?"

ரெஜினா தாளைத் திரும்ப வாங்கினாள். மடிப்பைப் பிரித்தாள். உரக்கப் படித்தாள். கடைசி வரியிலும் நிற்கவில்லை.

"கூண்டைத் திறந்தவர் பெயர் ரெஜினா. கணவர் பெயர் பிலிப்பு. வடக்குத் தெரு."

"ஒழுங்காப் படிக்கா."

"ஒழுங்காதான் படிச்சேன் ஜெயா."

முனகல் மறுபடி வந்தது. ஜெயம்மாள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். அண்டாவின் மேல் கிடந்த தட்டு நகரும் ஓசை கேட்டது. திரும்பி வந்தவள் உட்காரவில்லை.

"தண்ணி இல்லாம கத்திச்சுங்க," என்றாள் ரெஜினா. "மடி தடவிப் பாத்துட்டுதான் உட்டேன். மடி இல்ல. ஆட்ட மாரின்னு நெனச்சிட்டேன்."

"முப்பது நாளு எம் பக்கத்துல படுத்திருந்தியே. தல வாரி உட்டியே. வாய்ல சோறு ஊட்டுனியே. ஒரு நாளாவது சொன்னியா?"

"இல்ல."

"இந்தத் தாளு இல்லன்னா?"

ரெஜினாவுக்குக் கண்ணீர் வந்தது. அதைத் துடைக்கத் தனக்கு உரிமை உண்டா என்று தெரியாமல் வழிய விட்டாள்.

"மை குடு."

அலமாரியிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தாள். தெருவில் எந்தப் பெண் கைநாட்டு வைத்தாலும் ரெஜினாதான் அவள் கட்டைவிரலைப் பிடித்து, மையில் உருட்டி, தாளில் பதிய வைப்பாள். இன்றைக்கும் பழக்கத்தில் கை நீண்டது. ஜெயம்மாள் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். தானே விரலை மையில் அழுத்தினாள். தானே தாளில் வைத்தாள். பாதி விரல்தான் பதிந்தது.

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மூடி திறக்காத தூக்குவாளியைக் குனிந்து எடுத்தாள். இந்த வீட்டுக்கு வந்த பாத்திரம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. ரெஜினா அதில் நாலு முட்டையோ, ஒரு பிடி கீரையோ போட்டுத்தான் அனுப்புவாள். இன்றைக்கு அது வந்த சோற்றோடேயே திரும்பியது.

"மார்ட்டின் இல்லன்னு வீரமணிகிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றாள், முகத்தைப் பார்க்காமல். "உன் பேரச் சொல்ல மாட்டேன். சொன்னா உன்ன வெட்டிட்டு ஜெயிலுக்குப் போவான். புருசன் போனது போதும். சாமி கேக்கட்டும்."

நிலையைத் தாண்டி ஒரு கால் வைத்தவள் நின்றாள்.

"உள்ள கெடக்கறது பொட்டையா, கெடாவா?"

"பொட்ட."

"அப்ப இதுவும் குட்டி போடும்," என்று ஜெயம்மாள் தலையை ஆட்டினாள். வெளியே இறங்கி, ஆள் இல்லாத வீட்டைச் சாத்துவது போலக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.