அக்கா போட்ட பூட்டு

சிக்குன்குனியா ஊரையே முடக்கிப்போட்ட வருஷம். நான் வைரஸ் ஆராய்ச்சி மாணவி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூட்டுவலியோடு கிடந்தவர்களிடம் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு இறங்கினால், கீழே கம்பிக் கதவு பூட்டியிருந்தது. சாவி மீன் விற்கும் லட்சுமியக்காவின் இடுப்பில்.

"முன்ன வந்தவனும் இப்டித்தான் ரத்தம் எடுத்துகினு போனான். இன்னா நோவுன்னு சொல்ல இந்தப் பக்கமே வரல. நீ சொல்லிட்டு போ."

"லேபுல டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்க்கா."

"அப்ப வந்து சொல்றேன்னு உங்க சாரை சொல்லச் சொல்லு. போனு கீதுல்ல?"

பேராசிரியரைக் கூப்பிட்டேன். "ஆளாளுக்கு ரிசல்ட் குடுக்கிற வழக்கமில்லம்மா. எப்படியாவது சமாளிச்சுட்டு வா" என்று போனை வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கட்டு முழுக்க ஜனம். பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தாள். தன் மீன் கூடையிலிருந்த ஐஸை வாரி, பையில் கட்டி உள்ளே வைத்தாள்.

"எங்க ரத்தம் வீணா போவக் கூடாது."

கதவை மட்டும் திறக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆராய்ச்சியை எங்கள் சாரைவிட இவர்கள்தான் நம்புகிறார்கள். "யார் என்ன சொன்னாலும் நானே கொண்டுவர்றேன்க்கா" என்றேன். பூட்டு திறந்தது.

சாரிடம் சண்டை போட்டு முடிவுகளை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனேன். கதவு திறந்தே இருந்தது. நான் நுழைந்ததும் அக்கா பின்னாலேயே பூட்டினாள்.

"எல்லாருக்கும் படிச்சு சொல்லு. அப்பால போலாம்."

இன்றும் ஊசியைக் கையில் எடுத்தால், முதுகுக்குப் பின்னால் அந்தப் பூட்டுச் சத்தம் கேட்கிறது.