ஞாயிற்றுக்கிழமை நான் துடைத்த கணினிகள்

எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் காத்து நிற்கும் யார்டு ஒன்றில் எனக்கு மூன்று மாத ஒப்பந்தம். துறைமுகத்துக்குள் இன்றைக்கு எந்தெந்த வண்டி போகலாம் என்ற பட்டியல் காலை பத்து மணிக்குள் துறைமுக வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். பத்தைத் தாண்டினால் அன்றைய முறை போச்சு. டிரைவர்கள் இன்னொரு நாள் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு நம் பரம்பரையையே விசாரிப்பார்கள்.

அந்தப் பட்டியல் ஒரு டேட்டாபேஸிலிருந்து வருகிறது. டேட்டாபேஸோடு பேச ஒவ்வொரு கணினியிலும் கிளையன்ட் என்று ஒரு மென்பொருள் வேண்டும். ஆபீசில் எட்டுக் கணினிகள், எட்டிலும் எட்டுக் காலத்துக் கிளையன்ட். சர்வரைப் புதிதாக மாற்றப் போகிறோம், பழைய கிளையன்டுகள் அதோடு ஒத்துப்போகாது என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் கண்டெய்னர் இமேஜ் கட்டுகிறவள். யார்டில் இதைச் சொன்னால் இரும்புப் பெட்டியை எந்தப் பக்கம் இறக்குவது என்று கேட்பார்கள். விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. மென்பொருளையும் அதற்கு வேண்டிய சகலத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தால் இமேஜ். அதை ஓடவிட்டால் கண்டெய்னர். நான் ஓடவிடும் முறையில், வேலை முடிந்து மூடினால் உள்ளே நடந்தது எதுவும் மிஞ்சாது. அடுத்த முறை திறந்தால் பச்சைக் குழந்தை. இந்தச் சுத்தத்தின் மேல் எனக்கு அப்போது ஒரு திமிரே இருந்தது.

சர்வர் மாறிய ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத ஆபீசில் உட்கார்ந்து எட்டுக் கணினியையும் துடைத்துப் புது ஓ.எஸ். போட்டேன். எக்ஸெல் கோப்புகள், பிள்ளைகளின் பிறந்தநாள் படங்கள், யாரோ ஒருவர் சேர்த்து வைத்திருந்த முருகன் படங்கள், எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துத் திருப்பி வைத்தேன். எட்டிலும் என் இமேஜை ஏற்றினேன். திருவொற்றியூர் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் குடித்து என்னை நானே பாராட்டிக்கொண்டேன். வேறு யாரும் பாராட்டுகிற மாதிரி தெரியவில்லை.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு, பட்டியல் போடும் அண்ணன் என் மேசைக்கு வந்து நின்றார். நெட்டுக்குப்பத்துக்காரர். விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், விழுந்து முழங்கால் கெட்ட பிறகு இந்த யார்டு கேட்டில் சீட்டு கிழிக்க வந்தார். ஏழு வருஷத்துக்கு முன்பு உள்ளே நாற்காலி கிடைத்தது. குப்பத்தில் அவருக்குக் கம்ப்யூட்டர்காரர் என்றே பெயர்.

"இன்னாம்மா, மேல் அம்பத் தட்டுனா ஒண்ணியும் வர்ல?"

எதற்கு மேல் அம்பு என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவருக்கு டேட்டாபேஸிடம் கேள்வி எழுதத் தெரியாது. ஏழு வருஷத்துக்கு முன்பு ஒரு பையன் அந்த நீளமான கேள்வியை ஒரே ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டு பஹ்ரைனுக்குப் பறந்துவிட்டான். அன்றிலிருந்து தினமும் காலையில் மேல் அம்பு விசையை ஒரு தட்டு. நேற்றைய கேள்வி வரும். கடைசியில் இருக்கும் தேதியை மாற்றி என்டர். அவ்வளவுதான். ஏழு வருஷம்.

கிளையன்ட் அந்தக் கேள்விகளையெல்லாம் மறைந்திருக்கும் ஒரு சின்னக் கோப்பில் சேமித்து வைக்கும். முருகனைக் காப்பாற்றிய நான் அந்தக் கோப்பைக் காப்பாற்றவில்லை. பழைய சர்வரில் தேடலாம் என்றால், யார் என்ன கேட்டார்கள் என்று பதிவு வைக்கும் வசதியை அங்கே யாரும் போட்டிருக்கவில்லை.

"மேனேஜருக்குத் தெரிஞ்சா என்னிய மறுபடி கேட்டுக்கே தள்ளிடுவாரும்மா. நாள் பூரா நிக்க முட்டி தாங்காது."

மணி எட்டே முக்கால். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த பஹ்ரைன் மகராசன் டேட்டாபேஸ் டேபிள்களுக்கு வைத்திருந்த பெயர்களைப் பார்த்தால் அவன் நிதானத்தில் இருந்தபோது வைத்ததாகத் தெரியவில்லை. ஒருவழியாக ஒரு கேள்வியை எழுதி ஓட்டினேன். அறுபத்து மூன்று வண்டிகள் வந்தன. பார்த்தீர்களா என்கிற தோரணையில் திரும்பினேன்.

அண்ணன் திரையை ஒரு நிமிஷம் பார்த்தார். தப்பு என்றார். இந்த வண்டி முந்தாநாளே திரும்பிப் போய்விட்டது. இது இரண்டு தடவை வந்திருக்கிறது. இதில் பெட்டியின் முத்திரை உடைந்து கிடக்கிறது. அவர் தினமும் காலை ஆறு மணிக்கு, கையில் டீயோடு யார்டு முழுக்க ஒரு சுற்று நொண்டி வருகிறவர். அவர் தப்பைச் சொல்லச் சொல்ல நான் நிபந்தனைகளைச் சேர்த்தேன். ஒன்பது ஐம்பதுக்கு நாற்பத்தொரு வண்டிகளோடு பட்டியல் போனது.

மேனேஜர் வந்து, தினமும் ஒன்பதுக்கே போகிற பட்டியல் ஏன் இன்றைக்கு இழுத்தது என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். அண்ணன் எழுந்து நின்று, தான்தான் லேட்டாக வந்ததாகச் சொன்னார். நான் ராயபுரத்துக்காரி. எனக்கு வாய் ஜாஸ்தி என்பது எங்கள் தெருவில் தெரு நாய்க்கும் தெரியும். அந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்ற நினைப்பில் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

குற்ற உணர்ச்சியில் பிராயச்சித்தம் செய்யப் போனேன். அந்தக் கேள்வியை இமேஜுக்குள்ளேயே வைத்துக் கட்டினேன். 'லிஸ்ட்' என்று ஒரு வார்த்தை அடித்தால் போதும், பட்டியல் வந்துவிடும். அண்ணன் இனி யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று நினைத்தேன். அதை மேனேஜருக்கும் பெருமையாக ஓட்டிக் காட்டினேன். என் புத்தி அப்படி. அவர் தானே ஒரு தடவை அடித்துப் பார்த்தார். பட்டியல் வந்தது. அடுத்த திங்கட்கிழமை அண்ணனை மறுபடி கேட்டில் சீட்டு கிழிக்க நிறுத்திவிட்டார். ஒரு வார்த்தை அடிப்பதற்கு எதற்கு ஒரு ஆள்?

மூன்றே நாளில் பட்டியல் பல்லிளித்தது. டிரைவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்த வண்டிக்கு முறை வந்தது. பின்னால் தயாராக நின்ற வண்டிக்கு வரவில்லை. இமேஜைச் சரிசெய்யுங்கள் மேடம் என்றார் மேனேஜர்.

பட்டியலை அச்செடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். அண்ணன் நல்ல காலில் பாரத்தைப் போட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மணலி புதுநகர்ப் பக்கம் திரும்பும் லாரிகளின் புழுதி சட்டை முழுக்க. காகிதத்தை வாங்கி அரை நிமிஷத்தில் ஐந்து வண்டிகளைக் கோடு போட்டு அடித்துக் கொடுத்தார். பிறகு கோபமே இல்லாமல் கேட்டார்.

"எம் மண்டையில கீறது எல்லாத்தியும் அந்த மூட்டையில கட்டிட்டியாம்மா, இன்னும் பாக்கி கீதா?"

அழுகை வந்தது. புழுதி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அன்றைய தாமதம் என்னால் வந்தது, அண்ணனைக் கேட்காமல் அவர் கணினியைத் துடைத்தவள் நான் என்று சொன்னேன். பட்டியலில் அடித்திருந்த ஐந்து வண்டிகளையும் காட்டினேன். அதையும் இமேஜுக்குள் போட்டுவிட வேண்டியதுதானே என்றார். அலுவலகத் தமிழ் என்னைக் கைவிட்டது.

"அது டேட்டாபேஸ்லயே இல்ல சார். அவராண்டதான் கீது. உங்களுக்குப் பட்டியல் வேணும்னா அவரு குந்தணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் ஒப்பந்தம் நீளவில்லை. ஆனால் மறுநாள் காலை அண்ணன் உள்ளே வந்தார். நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்து, முழங்காலை மெல்ல மடக்கி உட்கார்ந்தார். பட்டியலை அனுப்பி முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"தொடைக்கிறதுக்கு முந்தி என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே சொல்லிருப்பேன்லம்மா?"

ஆமாண்ணா என்றேன்.