இடது தோள், கையகலக் கறை

கஞ்சியக்காவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தது என்று சலவைக் கடையில் யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. நடை, பேச்சு, கழுத்து மூன்றும் கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைப்பாக இருக்கும். இருபத்தோரு வருஷமாக நீராவி இஸ்திரி மெஷினில் நிற்கிறாள். இடது காலால் மிதியை அழுத்தினால் மேல்தட்டு இறங்கும், காலை எடுத்தால் ஏறும். அவள் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் பொய் சொன்னாலும் நாலு பேர் நம்புவார்கள் என்று முதலாளியம்மா பெருமையடிப்பதுண்டு.

பின்கட்டில் துவைக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவள் கணவர். கடையில் அவர் மெஷின் மாமா. விறைப்பு முழுவதையும் பெண்டாட்டியே எடுத்துக்கொண்டதால் அவருக்கு மிஞ்சியது சாதுத்தனம். ஒருமுறை என்ன கறை என்று பார்க்காமல் வெந்நீரில் போட்டு, ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டை நிரந்தரமாகக் காப்பி நிறத்துக்கு மாற்றிவிட்டார். அன்று கஞ்சியக்கா கடைக்கு ஒரு சட்டம் போட்டாள்: கறை என்ன, எங்கே, எவ்வளவு பெரிது என்று எழுதாமல் எந்தத் துணியும் தண்ணீரைப் பார்க்கக் கூடாது. சின்ன மெஷின் ஒன்று எண்ணையும் தேதியையும் நேரத்தையும் அச்சடித்துச் சீட்டைத் தரும். மீதியைக் கையால் எழுத வேண்டும். ஒரு பிரதி துணியோடு வாடிக்கையாளர் கைக்குப் போகும், இன்னொன்று கடையிலேயே கிடக்கும். சீட்டின் கடைசிக் கட்டத்தில், "துணியைச் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்" என்று வாடிக்கையாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கடைச் சட்டையோடு, எதிர்ச்சாரியில் பித்தான் வாங்கக் கிளம்பினாள். வெள்ளைக் கோடு போட்ட இடத்தில்தான் சாலையைக் கடந்தாள். அவள் எதையும் கோணலாகச் செய்கிறவள் அல்ல. பாதிச் சாலையில், சோபாக் கடைக்காரரின் பெரிய கார் வந்து அவளைத் தூக்கிப் போட்டது. இடது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது.

எல்லோரும் இதை விபத்து என்றார்கள். மழையில் மரம் சாய்ந்து விழுந்தால் அது விபத்து. மதியச் சாப்பாட்டோடு அரைப் பாட்டிலை உள்ளே இறக்கிவிட்டு, மிச்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றரை டன் இரும்பை ஊர் நடுவே ஓட்டுவது விபத்து ஆகாது. சாவியைத் திருகும்போதே அவன் முடிவெடுத்துவிட்டான். யார் மேல் ஏற்றுவது என்பதை மட்டும்தான் பாக்கி வைத்திருந்தான்.

மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக்கு ஒரு பழக்கூடையும் அதன் பின்னால் சோபாக் கடைக்காரரின் மச்சானும் வந்தார்கள். கூடைக்கு அடியில் ஒரு காகிதம் இருந்தது.

"அம்மா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. எல்லாம் விதி," என்றார் மச்சான்.

"விதிக்கு யாருங்க லைசென்ஸ் குடுத்தது?"

மச்சான் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அத்தான் குடிச்சது வாஸ்தவம்தான். ஆனா இடிச்சதுக்கு அப்புறம். அதிர்ச்சியில கை நடுங்கிப்போய், கார்ல மூடியோட இருந்த பாட்டிலைத் திறந்து ரெண்டு வாய் குடிச்சிட்டாரு. போலீஸ்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காரு. நீங்கதான் திடீர்னு குறுக்க வந்துட்டீங்க. இருந்தாலும் ஆஸ்பத்திரிச் செலவை நாங்க பாத்துக்கறோம். ஒரு கையெழுத்து மட்டும்."

கஞ்சியக்கா காகிதத்தை வாங்கி, மடிப்பை நீவி, இரண்டு தரம் படித்தாள். தவறு தன்னுடையது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருந்தது.

"எங்க கடையில துணியைப் பாக்காம யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க," என்றாள். "இதுல என் காலு எங்கங்க இருக்கு?"

கூடை மட்டும் தங்கியது. அதையும் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள், இலவசச் சட்ட உதவி மையத்திலிருந்து ஒரு வக்கீல் வந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ்தான் அந்த மையத்துக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். வந்தவளின் தோள்பை தோளை விடப் பெரிதாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, இது ரெண்டு வழக்கு. குடிச்சிட்டு ஓட்டினது குற்றம். அதை அரசாங்கம் நடத்தும். நீங்க மன்னிச்சிட்டேன்னு எழுதிக் குடுத்தாலும் அது மறைஞ்சு போயிடாது. ரெண்டாவது, நஷ்ட ஈடு. அது உங்களோடது. அங்க தண்டனை ஆகட்டும், ஆகாம போகட்டும், இதைத் தனியா கேக்கலாம்."

மெஷின் மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஓட்டினவர் குடிச்சிருந்தா இன்சூரன்ஸ்காரங்க தர மாட்டாங்கன்னு வார்டுல சொல்றாங்களே?"

"பயமுறுத்தறதுக்குச் சொல்றது. இங்க உள்ள சட்டப்படி அடிபட்டவங்களுக்கு முதல்ல கம்பெனி குடுத்தாகணும். குடிச்சவர்கிட்ட அப்புறம் அவங்க வசூல் பண்ணிக்கட்டும். அது அவங்க பாடு. அப்புறம் ஆஸ்பத்திரி பில்லு மட்டும் இல்ல அக்கா. வேலைக்குப் போக முடியாம போன சம்பளம், இனிமே இந்தக் கால் மிதியை மிதிக்குமாங்கற கேள்வி, வலி, உங்களைப் பாத்துக்க இவர் போடற லீவு, எல்லாமே கணக்கு. ஆனா எதுக்கும் கெடு உண்டு. தள்ளிப்போடக் கூடாது."

"என்னைக் குறுக்க வந்தவன்னு எழுதி வச்சிருக்காங்களே, அதுக்கு என்ன வழி?" என்றாள் கஞ்சியக்கா. அவளுக்கு உறுத்தியது அதுதான். கால் கூடிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொய் எழுத்தில் ஏறிவிட்டால் அதை எந்த வெந்நீர் எடுக்கும்?

"இடிச்சதுக்கு அப்புறம்தான் குடிச்சேங்கறாரே, அதை உடைக்கணும். போலீஸ் ரத்தம் எடுத்தது ரெண்டு மணி நேரம் கழிச்சு. அதனாலதான் அவருக்கு இந்தக் கதை விட இடம் கிடைச்சிருக்கு. சரி, அன்னைக்கு உங்க உடம்புல இருந்த துணி எங்க?"

மெஷின் மாமாவின் முகம் மலர்ந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். வெள்ளைச் சட்டை, பாவாடை. பளீரென்று, மடிப்பு கலையாமல் இருந்தன.

"அன்னைக்கே துவைச்சிட்டேன். வீட்டுக்குப் போறப்ப போட்டுக்கட்டும்னு."

பக்கத்துக் கட்டில்காரி ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தினாள்.

"துணியைத் துவைச்சீங்களா, இல்ல, கேஸையே துவைச்சீங்களா?" என்றாள் கஞ்சியக்கா.

"நீ ஆபரேஷன்ல இருந்த. நான் வேற என்ன பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்." அதைக் கேட்டதும் கஞ்சியக்காவின் விறைப்பு கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் உடனே வேறொன்று உறைக்க, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்தா பாருங்க. சீட்டு எழுதினீங்களா?"

"எழுதாம எப்படிம்மா போடுவேன்?" என்றார் அவர், மனம் புண்பட்டவராக.

வக்கீல் அன்றைக்கே கடைக்குப் போய்ப் பிரதியைத் தேடி எடுத்தாள். அதே செவ்வாய், மாலை ஐந்து நாற்பது. வாடிக்கையாளர் என்ற இடத்தில், "நம்ம வீட்டு ஆள்". கீழே மாமாவின் உருண்டைக் கையெழுத்து: பாவாடை, இடது முழங்கால், வண்டி மசகு. சட்டை, வலது கை, ரத்தம். இடது தோள், மது, பழுப்பு நிறம், கையகலம், காலரிலிருந்து கீழே தெறித்தது.

வக்கீல் சீட்டைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்தாள். மூடியோடு இருந்த பாட்டிலிலிருந்து மது எப்படித் தெறிக்கும்? அதுவும் போலீஸ் வரும்வரை காரை விட்டு இறங்கவே இல்லை என்று சோபாக் கடைக்காரரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் இடித்த அந்த நொடியில், திறந்த ஜன்னல் வழியாக, திறந்த பாட்டிலிலிருந்துதான் அது பறந்து வந்திருக்க வேண்டும். சீட்டையும் துவைத்த துணியையும் அரசு வக்கீலிடம் ஒப்படைத்தாள். பாதிக்கப்பட்டவரின் தரப்பிலிருந்து அதைச் செய்ய உரிமை உண்டு. பலருக்கு அது தெரியாது. தெரியாமல் இருப்பதே சிலருக்கு வசதி.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் மெஷின் மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"மனைவி ஆபரேஷன் மேசையில் இருக்கும்போது நீங்கள் கடையில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தீர்கள். இதை நம்பச் சொல்கிறீர்களா?"

"எழுதலைன்னா அவ பொழச்சு வந்து திட்டுவா."

கோர்ட்டே சிரித்தது. கடைசிப் பெஞ்சில் ஊன்றுகோலோடு இருந்த கஞ்சியக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரியும்.

"அது மது என்று எப்படித் தெரியும்? காப்பியாக இருக்கலாம், தேநீராக இருக்கலாம்."

"ஐயா, முதல்ல மோந்து பாப்பேன். அப்புறம் பச்சைத் தண்ணி தொட்டு விரல்ல தேய்ச்சுப் பாப்பேன். இனிப்பு கலந்த சரக்குன்னா பிசுபிசுக்கும். அதுல சூடு பட்டா கறை நிலைச்சிடும். பேரு தெரியாம வெந்நீர்ல போட முடியாது. ஒருதரம் போட்டு, ஒரு டாக்டர் கோட்டைப் பாழாக்கி வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"பிறகு எழுதிக்கொண்டது இல்லை என்று என்ன நிச்சயம்?"

அதற்கு அரசு வக்கீல் எழுந்தார். அந்தச் சீட்டுக்கு அடுத்த எண், ஐந்து நாற்பத்தேழுக்கு ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் கம்பளிக்கோட்டுக்குப் போட்டது. மாமா முந்தின சீட்டை எழுதி முடிக்கும்வரை அன்று எதிரே நின்றிருந்த அந்த ஆசிரியை, தன்னிடமிருந்த சீட்டோடு வெளியே காத்திருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்தார். சோபாக் கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

தீர்ப்புக்கு முன், தனக்கு நேர்ந்ததைச் சொல்லக் கஞ்சியக்காவுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. நான்கே வரி பேசினாள். "நான் கோடு போட்ட இடத்துலதான் நடந்தேன். இவரு குடிச்சது இவரு இஷ்டம். சாவியை எடுத்தப்புறம் அது என் காலு விஷயம். விதின்னு சொல்லாம இவரு பேரைப் போட்டு எழுதுங்க."

எழுதினார்கள். சிறைத் தண்டனையும் உண்டு, லைசென்ஸும் போயிற்று. நஷ்ட ஈட்டு வழக்கில், அவள் குறுக்கே வந்தாள் என்ற பேச்சே எடுபடவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டு, தன் பங்குக்குச் சோபாக் கடைக்குப் படியேறத் தொடங்கியது.

பதினான்கு மாதம் கழித்து கஞ்சியக்கா வேலைக்குத் திரும்பினாள். முதலாளியம்மா மிதியை வலது பக்கத்துக்கு மாற்றி வைத்திருந்தாள். முதல் வாரம் நாலு சட்டைக்கு இரட்டை மடிப்பு விழுந்தது. முதலாளியம்மா பார்க்காத மாதிரி அவற்றை எடுத்து அடுக்கினாள்.

அந்த வாரமே கோர்ட்டிலிருந்து துணிகளும் சீட்டும் திரும்பி வந்தன. மெஷின் மாமா கடைப் பிரதியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். கடைசிக் கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது.

"துணி வந்திடுச்சு. கையெழுத்துப் போட்டா இந்தச் சீட்டை முடிச்சிடலாம்," என்றார்.

அவள் சட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். இடது தோளைத் தடவிப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. காலரைத் திருப்பினாள்.

"காலர்ல சுருக்கம். யாரு தேய்ச்சது?"

"நான்தான். நீதான் இல்லையே."

கஞ்சியக்கா சட்டையை மெஷினில் விரித்து, வலது காலால் மிதியை அழுத்தினாள். ஆவி சீறி அடங்கியது. எடுத்து இன்னொரு முறை பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி, பெற்றுக்கொண்டேன் என்பதற்கு நேரே தன் முழுப் பெயரையும் எழுதினாள்.